உங்கள் தெருவின் நிலப் பயன்பாடு மாறப்போகிறதா? வேலூரில் முதன்முறையாக ஆட்சேபணை எழுதுவோருக்கு ஒரு வழிகாட்டி

நாளிதழின் உள்பக்கத்தில், வங்கி ஏல அறிவிப்புக்கும் பெயர் மாற்ற விளம்பரத்துக்கும் நடுவே உள்ளங்கை அளவுக் கட்டத்தில் அது வந்திருந்தது. காட்பாடி வட்டம், ஒரு கிராமத்தின் பெயர், ஒரு சர்வே எண், குடியிருப்பு உபயோகத்திலிருந்து வணிக உபயோகத்திற்கு மாற்றம் என்று ஒரு வரி, ஆட்சேபணை இருந்தால் எழுத்து மூலம் தெரிவிக்கலாம் என்று இன்னொரு வரி. எங்கள் நகரின் பெயரும் இல்லை, தெருவின் பெயரும் இல்லை. அந்த நாளிதழை வாங்கும் ஏழு வீடுகளிலும் யாரும் அதைக் கவனிக்கவில்லை. பதினோரு நாள் கழித்து, பழைய தாளை விரித்து அதன்மேல் கோதுமை மாவு சலித்துக்கொண்டிருந்த எதிர்வீட்டு அக்காவின் கண்ணில்தான் பட்டது. மாவு ஒட்டிய கையோடு தாளை எடுத்துக்கொண்டு வந்தார். "தம்பி, நம் பத்திரத்தில் இருக்கும் எண் அல்லவா இது?" என்று கேட்டார்.

அன்றுமுதல் சில வாரங்களில் நாங்கள் அலைந்து கற்றுக்கொண்டதை இங்கே எழுதுகிறேன். வேலைக்காகவோ படிப்புக்காகவோ மருத்துவமனைக்காகவோ வேலூருக்கு வந்து, கடன் வாங்கி ஒரு வீடோ மனையோ வாங்கியவர்கள் பலர். நகர் ஊரமைப்பு அலுவலகத்தின் படியை அவர்கள் ஏறியே இருக்க மாட்டார்கள். இது அவர்களுக்கானது. முன்கூட்டியே ஒன்று சொல்லிவிடுகிறேன்: இந்த விவகாரத்தில் கூட்டமும் கோஷமும் ஓரளவுக்குத்தான் உதவும். சர்வே எண்ணும், அளவும், தேதியும் உள்ள ஒரு தாள் கோப்பில் சேர்ந்துவிட்டால் அதை யாராலும் இல்லை என்று சொல்ல முடியாது. பின்வரும் வேலைகள் எல்லாம் அந்தத் தாளைத் தயாரிக்கத்தான்.

என்ன மாறுகிறது?

தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம், 1971 என்று ஒரு சட்டம் இருக்கிறது. 1972ஆம் ஆண்டின் 35ஆம் சட்டம் என்று அரசு ஆணைகளில் அதைக் குறிப்பிடுவார்கள். அதன்படி ஒரு நகரத்துக்கும் சுற்றுப்புறத்துக்கும் முழுமைத் திட்டம் தயாராகிறது. எந்த சர்வே எண் குடியிருப்பு, எது வணிகம், எது தொழில், எது விவசாயம், எது திறந்தவெளி என்று அந்தத் திட்டத்தின் வரைபடம் வண்ணம் பிரித்துக் காட்டும். குடியிருப்பிலும் முதன்மைக் குடியிருப்பு, கலப்புக் குடியிருப்பு என்று பிரிவுகள் உண்டு. வேலூரில் இதைக் கவனிப்பது உள்ளூர் திட்டக் குழுமமும் நகர் ஊரமைப்புத் துறையும். ஏற்கெனவே ஒப்புதல் பெற்ற திட்டத்தில் ஒரு சர்வே எண்ணின் வண்ணத்தை மட்டும் மாற்ற வேண்டுமானால் அந்தச் சட்டத்தின் 32ஆம் பிரிவின் 4ஆம் உட்பிரிவைப் பயன்படுத்துகிறார்கள். உங்கள் கையில் இருக்கும் அறிவிப்பில் இந்தப் பிரிவு எண் இருந்தால், பேச்சு ஒரு கட்டடத்தைப் பற்றியது அல்ல, நிலத்தின் வகையையே மாற்றுவது பற்றியது என்று புரிந்துகொள்ளுங்கள்.

திட்டப் பகுதிக்கு வெளியே உள்ள கிராமங்களில், அணைக்கட்டு, கே.வி.குப்பம் பக்கம் பல ஊர்களில் இருப்பதுபோல், விவசாய நிலத்தை வேறு உபயோகத்துக்கு மாற்றும் கேள்விதான் பெரும்பாலும் எழும். அதற்கு 47அ என்று தனிப் பிரிவும், 2017இல் வந்த தனி விதிகளும் உள்ளன. அங்கே நகர் ஊரமைப்பு இயக்குநரின் முன் இசைவு தேவை.

வகை மாறினால் என்ன ஆகிவிடும் என்று எங்கள் தெருவிலேயே சிலர் கேட்டார்கள். ஒரு சின்ன எடுத்துக்காட்டு. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவு 10 மணிமுதல் காலை 6 மணிவரை 45 டெசிபல் என்பது எல்லை. வணிகப் பகுதியில் அது 65, 55. டெசிபல் கணக்கில் 10 கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்கு. இன்று இரவு பதினொரு மணிக்கு ஜெனரேட்டர் ஓடினால் நீங்கள் புகார் செய்யலாம். பகுதி வணிகம் என்று ஆனபின் அதே ஓசை எல்லைக்குள் அடங்கிவிடலாம். புகார் செய்யும் உங்கள் உரிமையின் அளவே மாறுகிறது.

அறிவிப்பைப் படிப்பது

அறிவிப்பில் உங்கள் "நகர்" பெயர் இருக்காது. வருவாய்க் கிராமத்தின் பெயர்தான் இருக்கும். காட்பாடிப் பக்கமும் சத்துவாச்சாரிப் பக்கமும் நாம் வழக்கமாகச் சொல்லும் நகர்ப் பெயர்கள் மனைப்பிரிவு போட்டவர் வைத்தவை. அரசின் ஏட்டில் அந்த இடத்துக்கு வேறு பெயர். ஆகவே கிரயப் பத்திரத்தை எடுங்கள். சொத்து விவரம் எழுதிய கடைசிப் பக்கத்தில் கிராமம், சர்வே எண், உட்பிரிவு எல்லாம் இருக்கும்.

பழைய பத்திரம் என்றால் இன்னொரு குழப்பம் வரும். 1989க்கு முந்தைய பத்திரங்களில் வட ஆற்காடு மாவட்டம் என்று இருக்கும். அந்த ஆண்டு திருவண்ணாமலை பிரிந்தது. 2019இல் இராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டங்களாயின. உள்ளாட்சியும் அப்படித்தான். வேலூர் 2008இல் மாநகராட்சியானது. தனி நகராட்சியாக இருந்த சத்துவாச்சாரியும் காட்பாடிப் பக்கத்துப் பகுதிகளும் 2011இல் அதனோடு இணைந்தன. உங்கள் மனைப்பிரிவுக்கு 2011க்கு முன் அனுமதி தந்தது இன்று இல்லாத ஓர் உள்ளாட்சியாக இருக்கலாம். அந்தப் பழைய பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். கோப்பு கேட்கும்போது அது இல்லாமல் ஒரு நாள் வீணாகும். எங்களுக்கு இரண்டு நாள் வீணானது.

அறிவிப்பில் ஐந்தைக் கோடிடுங்கள்: தேதி, சர்வே எண், இப்போதைய உபயோகம், கேட்கும் உபயோகம், ஆட்சேபணை அனுப்ப வேண்டிய முகவரி. கடைசி நாள் எது என்று அறிவிப்பு சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்துத் தெருவில் ஒரு மாதம் கொடுத்தார்கள் என்று யாராவது சொன்னால் அதை நம்பி உட்காராதீர்கள். முழுமைத் திட்டமே புதிதாக வரையப்படும்போது மட்டும் பொதுமக்களுக்குக் குறைந்தது 2 மாத அவகாசம் தர வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. ஒற்றை சர்வே எண்ணுக்கான மாற்றத்தில் நாள்கள் வேகமாக ஓடிவிடும். எங்களுக்குப் பதினோரு நாள் மாவுச் சல்லடைக்கு அடியில் போயிருந்தது.

அந்த நிலம் முன்பு என்னவாக இருந்தது?

தமிழக அரசின் இணையச் சேவையில் பட்டா, சிட்டா, அ-பதிவேடு, புலப்படம் (நிலத்தின் எல்லையையும் அளவையும் கோடிட்டுக் காட்டும் வரைபடம்) ஆகியவற்றை வீட்டிலிருந்தே எடுக்கலாம். நகரப் பகுதியில் நகர நில அளவைப் பதிவேடும் இருக்கும். பதிவுத் துறையின் தளத்தில் வில்லங்க விவரம் பார்க்கலாம். அ-பதிவேட்டில் நிலம் நன்செயா, புன்செயா, புறம்போக்கா என்பது தெரியும். பக்கத்து சர்வே எண்களையும் பாருங்கள். ஏரி, ஓடை, வாய்க்கால், வண்டிப்பாதை என்று எந்த வார்த்தை வந்தாலும் அந்தப் பக்கத்தை அச்செடுங்கள்.

எங்களுக்கு உதவியவர் தெருவிலேயே மூத்தவரான ஒரு பெரியவர். வயது எண்பதுக்கு மேல். புலப்படத்தை அவர் மடியில் விரித்தோம். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு, இரட்டைக் கோடாக ஓடும் ஒரு சின்னத் துண்டின்மேல் விரல் வைத்தார். "இதுதான் ஐயா ஏரிக்கு வரும் கால்வாய். நான் பையனாக இருக்கும்போது இதில் கெண்டை பிடித்திருக்கிறேன். இப்போது இதன்மேல் உங்கள் மின்மாற்றி நிற்கிறது" என்றார். நாங்கள் எழுந்து போய்ப் பார்த்தோம். மின்மாற்றிக்குப் பின்னால் முட்புதருக்குள் இடிந்த கல்மதகின் ஒரு பக்கச் சுவர் அப்படியே நின்றது. பத்து ஆண்டாக அதற்குப் பக்கத்தில்தான் நான் வண்டி நிறுத்துகிறேன்.

வேலூர்க்காரர்களுக்கு இது பழைய கதை அல்ல. 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்தபோது, தண்ணீர் தன் பழைய வழியைத் தேடிப் போனதை நாம் பார்த்தோம். நீர்நிலைகளைக் காக்க 2007இல் ஒரு தனிச் சட்டமே தமிழகத்தில் வந்திருக்கிறது. கேட்கப்படும் நிலத்தையோ அதற்குப் போகும் பாதையையோ ஒரு வரத்துக் கால்வாய் தொட்டால், ஆட்சேபணையின் முதல் பத்தி அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

மனைப்பிரிவில் பூங்கா என்று ஒதுக்கிய இடத்தை மாற்றக் கேட்டிருந்தால் உங்கள் நிலை இன்னும் வலுவானது. பெங்களூரில் பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்தபோது, அந்தப் பகுதிக் குடியிருப்பாளர்கள் வழக்குப் போட்டார்கள். அந்த ஒதுக்கீடு செல்லாது என்று 1991இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. திறந்தவெளி என்பது அங்கே வாழ்பவர்களின் உரிமை என்பதும், அதற்காகக் கேள்வி கேட்க அவர்களுக்குத் தகுதி உண்டு என்பதும் அந்தத் தீர்ப்பின் சாரம்.

கோப்பைப் பார்க்கப் போங்கள்

வரைவு மாற்றத்தையும் அதற்கான வரைபடத்தையும் அலுவலக நேரத்தில் கட்டணம் இல்லாமல் பார்க்கலாம் என்று இத்தகைய அறிவிப்புகளில் எழுதியிருக்கும். அதைக் கையில் வைத்துக்கொண்டு போங்கள். இரண்டு மூன்று பேராகப் போவது நல்லது. இருபது பேராகப் போகாதீர்கள். அலுவலரும் மனிதர்தான், கூட்டத்தைப் பார்த்தால் கோப்பை மூடிவிடுவார்.

வரைபடத்தில் முதலில் வண்ணக் குறிப்பைப் பாருங்கள். பிறகு வடக்கு எந்தப் பக்கம் என்று பாருங்கள். அதன்பின் அந்த நிலத்துக்குப் போகும் சாலைக்கு என்ன அகலம் எழுதியிருக்கிறார்கள் என்று தேடுங்கள். இந்த ஓர் எண்ணுக்காகத்தான் அவ்வளவு தூரம் போகிறோம்.

கோப்பைக் காட்டத் தயங்கினால் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005இன் கீழ் மனுப் போடுங்கள். 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். விண்ணப்பத்தின் நகல், தள வரைபடம், இடத்தை ஆய்வு செய்த குறிப்பு, பிற துறைகளின் கருத்துகள், பதிவு செய்யப்பட்ட சாலை அகலம் ஆகியவற்றைத் தனித்தனியாக எண்ணிட்டுக் கேளுங்கள். ஏன், எதற்கு என்று கேள்வி கேட்காதீர்கள்; ஆவணத்தைக் கேளுங்கள். பதில் வர 30 நாள் ஆகும். ஆட்சேபணைக்கான கடைசி நாள் அதற்கு முன்பே வந்துவிடலாம் என்பதால், மனுவைப் போட்டுவிட்டு அதன் பதிலுக்காகக் காத்திருக்க வேண்டாம்.

அளந்து பாருங்கள்

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு, போக்குவரத்துத் தொடங்கும் முன், தெருவில் இறங்கினோம். கொத்தனாரிடம் இரவல் வாங்கிய நூறடி டேப். ஒரு முனையை அக்கா பிடித்தார், மறுமுனையை நான் பிடித்தேன். பத்தாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண் நோட்டில் எழுதினாள். மனைப்பிரிவு வரைபடத்தில் எங்கள் தெரு 30 அடி. பன்னிரண்டு இடங்களில் அளந்தோம். மிக அகலமான இடம் 24 அடி. மிகக் குறுகலான இடம் 19.

எங்கே போனது அந்தப் பதினோரு அடி? டேப்பை மடக்காமல் நின்று பார்த்தபோது தெரிந்தது. அக்கா வீட்டு வாசல் சரிவு நாலடி. என் வீட்டு வாசலில் வண்டி ஏற நான் போட்ட சிமென்ட் மேடை மூன்றரை அடி. அதற்கும் அப்பால் பூச்செடித் தொட்டி. தெருவை நாங்களே தின்றிருந்தோம். இதை வெளியே சொல்லாமல் மறைத்து ஆட்சேபணை எழுதலாம் என்று ஒருவர் சொன்னார். எனக்கு அதில் சம்மதம் இல்லை. ஆய்வுக்கு வரும் அலுவலர் முதலில் பார்க்கப்போவது அந்தச் சரிவுகளைத்தான். ஆக்கிரமிப்பை எடுத்தால் சாலை அகலமாகிவிடும் என்று ஒரே வரியில் எங்கள் வாதம் முடிந்துபோகும். அடுத்த இரண்டு வாரத்தில் பதினாறு வீட்டுச் சரிவுகளை உடைத்து எடுத்தோம். மறுபடி அளந்தோம். மிகக் குறுகலான இடம் 21 அடி. அந்த இடத்தில் இரு பக்கமும் பழைய மதில்சுவர்கள். அதற்குமேல் அங்கே அகலப்படுத்த வழி இல்லை. இப்போது அந்த எண் யார் வந்து அளந்தாலும் நிற்கும். நீங்களும் இதை முதலிலேயே செய்துவிடுங்கள்.

அகலத்தோடு நிற்காமல் இன்னும் சிலவற்றை எண்ணுங்கள். காலை எட்டரைக்குப் பள்ளி வண்டிகள் எத்தனை, ஆம்புலன்ஸ் திரும்ப இடம் இருக்கிறதா, தீயணைப்பு வண்டி மூலையில் வளையுமா, தெருவில் பாதாளச் சாக்கடை உண்டா அல்லது ஒவ்வொரு வீட்டிலும் கழிவுநீர்த் தொட்டியா, மாநகராட்சிக் குடிநீர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது, ஆழ்துளைக் கிணறு எத்தனை அடி. ஒவ்வொன்றுக்கும் தேதியும் நேரமும் எழுதுங்கள். புகைப்படத்தில் தேதி விழும்படி எடுங்கள்.

தண்ணீர்க் கணக்கை எப்படிப் போடுவது என்று காட்டுகிறேன். நகரக் குடிநீர்த் திட்டங்களில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்று கணக்கிடுவது வழக்கம். எங்கள் தெருவில் வரப்போவது 40 அறை விடுதி என்று கேள்விப்பட்டோம். அறைக்கு மூன்று பேர் என்றால் 120 பேர். 120 பேருக்கு 16,200 லிட்டர். 12,000 லிட்டர் லாரியில் தினமும் ஒன்றேகால் லோடுக்கு மேல். அவ்வளவு தண்ணீரும் எங்கிருந்து வரும், வந்தது கழிவாகி எங்கே போகும்? இந்த இரண்டு கேள்வியையும் கணக்கோடு சேர்த்து எழுதினால், "தண்ணீர்ப் பஞ்சம் வரும்" என்று பத்து முறை எழுதுவதைவிடப் பலன் உண்டு.

மாற்றம் வேண்டும் என்பவரிடமும் பேசுங்கள்

இந்த ஊரில் விடுதிக்குத் தேவை இருக்கிறது. 1900இல் ஐடா ஸ்கடர் அம்மையார் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய சி.எம்.சி. மருத்துவமனைக்கு இன்று வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். வாரக்கணக்கில் தங்குகிறார்கள், ஸ்டவ் வைத்துச் சமைத்துச் சாப்பிடுகிறார்கள். காட்பாடியில் மாணவர்களுக்கு அறை வேண்டும். இந்தத் தேவையை இல்லை என்று எழுதினால் நம் பேச்சை யாரும் மதிக்க மாட்டார்கள்.

எங்கள் முதல் வரைவில், வெளியூர் ஆட்கள் நடமாட்டம் அதிகமாகிவிடும் என்று ஒரு வரி இருந்தது. அக்கா பேனாவை வாங்கி அதை அடித்துவிட்டார். அவருடைய கணவரின் சிகிச்சைக்காகச் சென்னையில் இரண்டு மாதம் ஒரு விடுதி அறையில் இருந்தவர் அவர். யார் வருகிறார்கள் என்பது நிலப் பயன்பாட்டுக் கேள்வியே அல்ல. எத்தனை பேர் வருகிறார்கள், தெரு தாங்குமா என்பதுதான் கேள்வி. ஆட்சேபணையில் சாதி, மதம், மொழி, உணவு பற்றி ஒரு சொல்கூட இருக்கக் கூடாது. அது தவறு. அதோடு, சரியான மற்ற காரணங்களின் மதிப்பையும் அது கெடுத்துவிடும்.

விண்ணப்பித்தவர் எங்கள் தெருக்கோடியில் மனை வைத்திருப்பவர். நேரில் போய்ப் பேசினோம். அவருடைய மனையின் பின்பக்கம் பிரதான சாலையைத் தொடுகிறது என்பது அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது. வாயிலை அந்தப் பக்கம் வைத்தால் எங்கள் கவலையில் பாதி தீரும். அவர் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் என்ன கேட்க வேண்டும் என்பது எங்களுக்குத் தெளிவானது.

கடிதம்

ஒரே கடிதத்தில் நூறு கையெழுத்து வாங்குவதைவிட, வீட்டுக்கு ஒரு கடிதம் நல்லது. எல்லாவற்றிலும் ஒரே வாசகம் இருக்க வேண்டாம். வாய்க்காலுக்குப் பக்கத்தில் இருப்பவர் வாய்க்காலைப் பற்றியும், குறுகலான இடத்தில் இருப்பவர் சாலையைப் பற்றியும் எழுதட்டும். வாடகைக்கு இருப்பவரும் எழுதலாம். அறிவிப்பு, பாதிக்கப்படுபவர் என்றுதான் சொல்கிறது, உரிமையாளர் என்று சொல்வதில்லை.

வீட்டு விலை குறையும், காட்சி மறையும், அமைதி கெடும் என்பவை தனியாக நிற்காது. சாலை, நீர், கழிவு, வெள்ளம், தீ, ஓசை, வாகன நிறுத்தம், பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் உள்ள தூரம் ஆகியவை நிற்கும். எங்கள் கடிதங்களில் ஒன்றின் நடுப்பகுதி இது. பெயரையும் எண்களையும் மாற்றிப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்:

"மேற்படி சர்வே எண்ணுக்கு எங்கள் தெரு வழியாகவே வாயில் காட்டப்பட்டுள்ளது. மனைப்பிரிவு வரைபடத்தில் இத்தெருவின் அகலம் 30 அடி. வாசல் சரிவுகளை நாங்களே அகற்றியபின் 12 இடங்களில் அளந்ததில், மிகக் குறுகலான இடத்தில் 21 அடியே உள்ளது. அளவுப் பட்டியலும் புகைப்படங்களும் இணைப்பு 1இல் உள்ளன. மனைக்குக் கிழக்கே ஏரி வரத்துக் கால்வாய் செல்வதைப் புலப்படம் காட்டுகிறது. நகல் இணைப்பு 2. இத்தெருவில் பாதாளச் சாக்கடை இல்லை. எனவே இப்போதுள்ள குடியிருப்பு உபயோகமே தொடர வேண்டும் எனக் கோருகிறேன். மாற்றம் வழங்குவதாக முடிவெடுத்தால், வாயில் பிரதான சாலைப் பக்கம் மட்டும் அமையவும், வாகன நிறுத்தம் முழுவதும் மனைக்குள் அமையவும், கழிவுநீர் அங்கேயே சுத்திகரிக்கப்படவும், கால்வாயின் அகலம் அளந்து விடுவிக்கப்படவும் நிபந்தனை விதிக்கக் கோருகிறேன். நேரில் விளக்கம் அளிக்க வாய்ப்பு வேண்டுகிறேன்."

கடைசியில் உள்ள அந்த "முடிவெடுத்தால்" பகுதியைச் சிலர் விரும்பவில்லை. விட்டுக்கொடுப்பதுபோல் இருக்கிறது என்றார்கள். நான் அதை வைக்கத்தான் சொல்வேன். முழுவதும் மறுக்கப்படுவது நம் கையில் இல்லை. நிபந்தனை கேட்காமல் இருந்துவிட்டு, மாற்றம் வந்தபின் கேட்டால் காலம் கடந்திருக்கும்.

கேட்பது தொழிற்சாலைக்கான மாற்றம் என்றால் கடிதம் வேறு மாதிரி இருக்க வேண்டும். ஆறுகளிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் அதிக மாசு உண்டாக்கும் தொழில்கள் வரக் கூடாது என்று 1989 மார்ச் 30 அன்று பிறந்த அரசாணை எண் 213 இருக்கிறது. பாலாற்றிலிருந்து தூரத்தை அளந்து எழுதுங்கள். தோல் பதனிடும் ஆலைகளின் கழிவை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிருக்கு உதவாமல் போனதை அந்தத் தீர்ப்பே பதிவு செய்கிறது. கேடு வரலாம் என்ற நியாயமான ஐயம் இருந்தாலே தடுக்க வேண்டும், கேடு இல்லை என்று காட்டும் பொறுப்பு தொழில் நடத்துபவருடையது என்ற முன்னெச்சரிக்கைக் கோட்பாடு அந்தத் தீர்ப்பின் மூலம் நம் நாட்டுச் சட்டத்தில் நிலைபெற்றது. நாடு முழுவதும் மேற்கோள் காட்டப்படும் தீர்ப்பு அது. நம் ஊரின் நிலமும் நீரும் கெட்டுக் கிடைத்த தீர்ப்பு என்பதால், ஒவ்வொரு வேலூர்க்காரரும் அதன் பெயரைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

கொடுப்பதும் பின்தொடர்வதும்

அறிவிப்பில் உள்ள முகவரிக்குத்தான் மூலக் கடிதம் போக வேண்டும். நேரில் கொடுத்தால் உங்கள் நகலில் முத்திரையும் தேதியும் கையொப்பமும் வாங்குங்கள். தபாலில் அனுப்பினால் ரசீதைக் கடிதத்தின் நகலோடு பின் செய்து வையுங்கள். மாநகராட்சி ஆணையருக்கும் மாமன்ற உறுப்பினருக்கும் நகல் அனுப்புங்கள். திங்கள்கிழமைகளில் சத்துவாச்சாரியில் உள்ள ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்திலும் மனுக் கொடுக்கலாம். ஆனால் அங்கே கொடுத்தது முறையான ஆட்சேபணைக்கு ஈடாகாது. அதை மட்டும் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருந்தவர்களை எனக்குத் தெரியும்.

மாநகராட்சிக்குள் வார்டு குழுவும் பகுதி சபையும் இருக்கின்றன. ஊராட்சிப் பகுதி என்றால் கிராம சபை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. தீர்மானம் போட்டால் சர்வே எண்ணோடு போடச் சொல்லுங்கள். தீர்மானப் புத்தகத்தின் நகலைக் கேட்டு வாங்குங்கள்.

வகை மாற்றம் கிடைத்தாலும் அதோடு எல்லாம் முடிந்துவிடாது. திட்ட அனுமதி, கட்டட அனுமதி என்று அடுத்த படிகள் இருக்கின்றன. நிபந்தனைகள் அந்த வரைபடத்தில் ஏறியிருக்கின்றனவா என்று அப்போது பார்க்க வேண்டும். அனுமதியை மீறிக் கட்டினால் நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 56, 57 ஆகிய பிரிவுகளின் கீழ் நடவடிக்கை எடுக்கக் கோரலாம். அடித்தளம் போடும்போதே கோருங்கள். கூரை போட்டபின் கோரினால் நீளும்.

நீதிமன்றம் என்றால் சென்னை உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு. நீர்நிலை, மாசு சார்ந்தது என்றால் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென் மண்டல அமர்வு. அங்கே பொதுவாக 6 மாதத்துக்குள் போக வேண்டும் என்ற வரம்பு உண்டு. செலவைக் கண்டு அஞ்ச வேண்டாம். பெண்கள், பட்டியல் வகுப்பினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமான வரம்பு பாராமல் இலவச சட்ட உதவி தர 1987ஆம் ஆண்டின் சட்டம் வழி செய்கிறது. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள். முத்திரை பெற்ற அந்த நகல்தான் அங்கேயும் முதலில் கேட்கப்படும்.

எங்கள் தெருவுக்கு ஆய்வுக்கு வந்த அலுவலர் அளவுப் பட்டியலை வாங்கிப் பார்த்தார். பிறகு தன் பையிலிருந்து சொந்த டேப்பை எடுத்தார். மதில்சுவர் இருக்கும் இடத்தில் அக்காதான் மறுமுனையைப் பிடித்தார். 21 அடி. அவர் அதைக் குறிப்பேட்டில் எழுதுவதை நாங்கள் நின்று பார்த்தோம். முடிவு இன்னும் வரவில்லை. வந்தால் அரசிதழில் வெளியாகும். அரசிதழ் புதன்கிழமைதோறும் வருகிறது. அதைப் பார்க்கும் வேலையை வீட்டுக்கு ஒரு வாரமாகப் பிரித்துக்கொண்டிருக்கிறோம். இந்தப் புதன் என்னுடைய முறை.